க்ரீம் பன் வைத்தியம்

"ஏம்மா, ரத்தத்தைப் பார்த்தா ஆளு பொய் சொல்றானான்னு தெரியுமா?"

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். கேட்டபோது அவருடைய இடது கை மேசைமேல் நீண்டு கிடந்தது. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டை. கண்கள் ஊசிப் பக்கமே வராமல் எதிர்ச் சுவர் நாட்காட்டியை முறைத்துக்கொண்டிருந்தன. கடுகைவிடச் சின்னத் திருகாணியை இடுக்கியால் பிடித்து உட்கார வைக்கிற மனிதர். ஊசியைக் கண்டால் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிடுவார்.

"ரத்தம் பேசாது சார். கையை மூடிக்குங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

"முடிஞ்சுதா? இன்னும் குத்தவே இல்லையே!"

"குத்தி, எடுத்து, பஞ்சும் வச்சாச்சு."

"உன் கை கைதாம்மா. ஆனா உன் மாமனார் ரத்தத்துல மட்டும் ஏதோ தில்லுமுல்லு இருக்கு, சொல்லிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல நான் பச்சைத் தண்ணி தவிர எதையும் தொடறதில்ல. போன தடவை எனக்குக் கெட்ட கொழுப்பு எண்பத்தி நாலு. அவர் பொழுதுக்கும் கடையில நின்னு ஊர்க்கதை பேசறார், அவருக்கு அறுபத்தி நாலு. எப்படி?"

அவள் சிரித்துவைத்தாள். பதில் தேவைப்படாத இடத்திலும் பதில் தெரியாத இடத்திலும் அவள் செய்வது அதுதான். அந்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்னறையில் பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். "கையை மூடிக்குங்க", "கையைத் திறங்க" என்ற இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க ஓட்டிவிடுவாள். நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவள் விரல்நுனிக்குத் தெரியும். வாய்க்கு வேலை இல்லை என்பதாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளுடைய மாமனாருக்கோ வாயை மூடினால்தான் மூச்சு முட்டும். நாலு தெரு கூடுகிற முக்கில் சலூன் வைத்திருந்தார். மூன்று சுழல் நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரே கண்ணாடி, ஓரமாக ஒரு பெஞ்சு. முடி வெட்டிக்கொள்ள வருபவர்களைவிட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கதை கேட்க வருபவர்கள் அதிகம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, கடிகாரக்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது அவர் பேச்சு பாதியில் நின்றது. நடக்காத காரியம் நடக்கிறதே என்று கடிகாரக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார். மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் நுரையோடும், கடிகாரக்காரர்தான் அவரை வண்டியில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நர்ஸ் மாமனாரை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பி, "உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? நீங்களும் படுங்க" என்றாளாம். படுத்தார். அவருக்கும் இரண்டு இடத்தில் அடைப்பு. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள்.

"அவன் என்னைத் தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தினான். நான் அவனைக் கூட வரவச்சுக் காப்பாத்தினேன். சரிக்குச் சரி" என்பார் மாமனார், கண்ணாடியைப் பார்த்துச் சீப்பை ஆட்டியபடி.

அதே வார்டில் பைபாஸ் முடித்துக்கொண்டு படுத்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். மூவரும் வெளியே வரும்போதே சங்கம் உருவாகிவிட்டது. பெயர், 'பஞ்சர் ஒட்டினவங்க சங்கம்'. தினமும் காலையில் விளையாட்டு மைதானத்தை ஐந்து சுற்று நடக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூவரும் ரத்தம் கொடுக்க வேண்டும். யாருக்குக் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல். என்ற எண், ஆகக் குறைவாக வருகிறதோ அவர்தான் அடுத்த மூன்று மாதத்துக்குக் கேப்டன். கேப்டன் கழுத்தில் ஒரு சிவப்பு விசில் தொங்கும். அவர் ஊதினால் நடக்க வேண்டும், ஊதினால் நிற்க வேண்டும், மற்ற இருவரும் அவர் பின்னால்தான் வர வேண்டும்.

"இந்த வயசுல விசிலு ஒண்ணுதான் குறைச்சல்" என்பார் மாமியார்.

மாமனார் இரண்டு தடவை தொடர்ந்து கேப்டன் ஆகியிருந்தார். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுப்பார். எல்.டி.எல். என்று எழுதிய அந்த ஒரே ஒரு வரியைப் புருவம் திருத்துகிற நேர்த்தியோடு வெட்டி எடுத்துக் கண்ணாடியில் செருகிய ஓர் அட்டையில் ஒட்டுவார். மிச்சக் காகிதம், தரையில் கிடக்கும் முடியோடு சேர்ந்து கூடைக்குப் போய்விடும்.

விசில் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவருக்குக் கால் வலி இருந்தது. இரவு போடுகிற கொழுப்பு மாத்திரைதான் காரணம் என்று அவரே முடிவு செய்து, பாதியாக்கச் சொல்லி இதய டாக்டரைப் போகும்போதெல்லாம் நச்சரித்தார். கடைசியில் டாக்டர், "மூணு தடவை தொடர்ந்து அறுபத்தஞ்சுக்குக் கீழ வந்தா யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதைச் சொன்ன நாளிலிருந்து மாமனார் அந்த மூன்றாவது எண்ணுக்காகவே உயிரோடு இருப்பவர்போல நடந்துகொண்டார்.

கடிகாரக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று மாதம் கழிந்தது. அந்த மூன்றாவது எண்ணுக்கான பரிசோதனை நாள் வந்தது. வழக்கமாக உள்ளறையில் இயந்திரங்களைப் பார்க்கும் அக்கா பிரசவத்துக்கு விடுப்பில் போயிருந்தாள். அதனால் முன்னறையில் ரத்தம் எடுப்பதும் உள்ளறையில் அதைச் சுழலவிட்டுப் பார்ப்பதும் இவள் தலையில்தான் விழுந்திருந்தது.

மாமனார் எட்டு மணிக்கு வந்தார். சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வெறும் வயிறுதானே மாமா?" படிவத்தில் இருந்த கேள்வி. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"வயிறா? குகை மாதிரி காலியா கிடக்கு. குரல் கொடுத்துப் பாரு, எதிரொலிக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

குழாய்களைச் சுழலவிட்டு வெளியே எடுத்தபோது, எல்லாவற்றிலும் சிவப்பு கீழே படிந்து, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நின்றது. கடிகாரக்காரருடையது கண்ணாடிபோல இருந்தது. தபால்காரருடையது கொஞ்சம் அடர் மஞ்சள். மாமனாருடையதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பால் டம்ளரைக் கழுவி ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் நிற்கும் தன் விரல்கூடத் தெரியவில்லை.

ரத்தம் பேசாது என்று சொன்னவள் அவள்தான். இது பேசவில்லை, கத்தியது. காலையில் எதையோ வயிறு முட்டத் தின்றிருக்கிறார்.

எண்கள் வந்தன. மொத்தக் கொழுப்பு நூற்று எழுபத்தெட்டு. நல்ல கொழுப்பு முப்பத்தெட்டு. சாப்பிட்டதும் ஏறுகிற கொழுப்பான ட்ரைகிளிசரைடு முந்நூற்று எண்பத்தைந்து. எல்.டி.எல். அறுபத்து மூன்று. ஜெயித்துவிட்டார்.

அவள் கணினியில் பழைய இரண்டு ரிப்போர்ட்டையும் திறந்து பார்த்தாள். இரண்டிலும் இதே கதை. இரண்டின் அடியிலும் அந்த அக்கா பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: 'மாதிரி கலங்கல். வெறும் வயிற்றில் மீண்டும் எடுத்துப் பார்க்கவும்.' அந்தக் குறிப்பு இரண்டு தடவையும் சலூன் கூடைக்குள் போயிருக்கிறது.

கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மாவிடம் குழாயைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"நம்ம மெஷின் எல்.டி.எல்.லை நேரா அளக்கறதில்ல" என்றார் டாக்டரம்மா. "மொத்தத்துல இருந்து நல்லதைக் கழிக்கும். அப்புறம் ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கைக் கழிக்கும். மிச்சம்தான் எல்.டி.எல். தின்னுட்டு வந்தா கழிக்கிறது பெருசாகும், மிச்சம் சின்னதாத் தெரியும். ரிப்போர்ட் சிரிக்கும், ரத்தக்குழாய் அழும். நீ மொத்தத்துல நல்லதை மட்டும் கழிச்சுப் பாரு."

"நூத்தி நாப்பது."

"அது தின்னாலும் தின்னாட்டாலும் அவ்வளவா அசையாது. ஏற்கெனவே அடைப்பு வந்தவருக்கு நூத்தி நாப்பது ரொம்ப ஜாஸ்தி. ஸ்டென்ட் வச்சாச்சு, மாத்திரை போட்டாச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைப்பாங்க. மிச்ச ஆபத்து இங்கதான் உட்கார்ந்திருக்கும். வெறும் வயித்துல திரும்ப எடு. அப்படியே ஏபோ-பி-யும், அதான் கொழுப்புத் துகள் எண்ணிக்கை, பார்த்துடலாம், அதுக்குப் பெரிய லேபுக்கு அனுப்பணும். யாரு இந்த ஆளு?"

"என் மாமனார்."

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அப்ப நீதான் சொல்லணும். அவர்கிட்ட மட்டும். வீட்ல வேற யார் காதுக்கும் போகக் கூடாது. அவர் ரத்தம், அவர் விஷயம்."

வெள்ளிக்கிழமை இதய டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தது. அன்று செவ்வாய். வெட்டி ஒட்டிய மூன்று எண்களை அட்டையில் நீட்டினால், கூட்ட நெரிசலில் டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டால்?

ஆனால் யார் போய்ச் சொல்வது? கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் மாமனாரிடம் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டைகூட நிரம்பாது. 'சாப்பிட வாங்க மாமா.' 'சரி மாமா.' 'குடை எடுத்துக்குங்க மாமா.' இதில் 'நீங்க பொய் சொல்றீங்க மாமா' என்பது எங்கே வந்து சேரும்?

அன்று இரவு சாப்பாட்டு மேசையில், சாயங்காலமே ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்த மாமனார் நாற்காலியில் உட்காரவில்லை, மிதந்தார். "அறுபத்தி மூணு! கடிகாரம் மூஞ்சியைப் பார்க்கணுமே, பன்னெண்டு மணி அடிச்ச மாதிரி!"

"எண்ணெய் இல்லாம, உப்பு இல்லாம, நான் வேகவச்சு வேகவச்சுக் கொட்டினது வீண் போகல" என்று மாமியார் பூரித்தார். பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவன், "கேப்டனுக்கு ஒரு சல்யூட்" என்று கரண்டியால் நெற்றியைத் தொட்டான். அவள் மட்டும் வெந்த கேரட்டைத் தட்டில் இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம், சலூனில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். அந்தக் கடைக்குள் தனியாக அவள் நுழைவது அதுவே முதல் தடவை. மாமனார் மூன்றாவது துண்டை அட்டையில் ஒட்டி, விரலால் தடவித் தடவி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா வா! கேப்டன் ஆபீசுக்கே வந்துட்டியா? உட்காரு. என்ன, முடி நுனி வெட்டணுமா?"

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த நாலு வரியும் மறந்துபோய், கடைசி வரிதான் முதலில் வந்தது.

"மாமா, நேத்துக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது. "யார் சொன்னா? பேக்கரிக்காரன் சொன்னானா?"

"நான் பேக்கரின்னே சொல்லலையே மாமா."

மாமனார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரையை இழுத்துவிட்டார். வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அரைச்சுற்று சுற்றி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பேசினார்.

"க்ரீம் பன்."

"ஒண்ணா?"

"ரெண்டு. மேல ஒரு டம்ளர் பாலு. பன்னு ஒண்ணும் பெருசில்லம்மா, உள்ளங்கை அளவுதான்."

"யார் உள்ளங்கை மாமா?"

கண்ணாடியில் அவர் கண்கள் விரிந்தன. மருமகள் கிண்டல் செய்கிறாள்! அந்த அதிர்ச்சியில் நாற்காலி தானாகவே திரும்பியது. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய ரகசியத்தை உடைக்கிறவர்போலச் சொன்னார்.

"கேளு. எல்லாம் தற்செயலா நடந்துது. அன்னைக்கு ரத்தம் கொடுக்கற நாள்னே மறந்து போச்சு. பேக்கரியில ரெண்டு பன்னைத் தின்னுட்டேன். போச்சுடா, தோத்தோம்னு நினைச்சுக்கிட்டேதான் வந்தேன். பட்டினி கிடந்தப்ப எல்லாம் தொண்ணூறுக்கு மேல. பன்னு தின்னப்ப அறுபத்தி நாலு! இது என்ன சொல்லுது? க்ரீம் உள்ள போய் அந்தக் கெட்ட கொழுப்பை வழுக்கி வெளியே தள்ளுது. சரி, இன்னொரு தடவை பார்ப்போம்னு தின்னேன். அதேதான் வந்துது. இதைத்தானே விஞ்ஞானிங்களும் பண்றாங்க? திரும்பத் திரும்பப் பார்க்கறது?"

"அப்ப ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அந்தக் கடிகாரமும் தின்பானே!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒன்பது வருடச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை என்று அவர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா?"

அவள் தரையோரம் இருந்த கூடையைக் காட்டினாள். "மாமா, இந்த முடியைத் தராசுல வச்சு நிறுத்தா, இன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு சொல்ல முடியுமா?"

"அது எப்படி முடியும்? ஒருத்தன் தோள் வரைக்கும் வளர்த்துட்டு வருவான். ஒருத்தன் ஓரத்தை மட்டும் ஒதுக்குன்னு வருவான். எத்தனை பேருன்னு தெரியணும்னா தலையைத்தான் எண்ணணும்."

"ரத்தத்துலயும் அப்படித்தான். கொழுப்பு தனியா மிதக்கறதில்ல. துகள் துகளா ஓடுது. சுவர்ல போய் முட்டி ஒட்டிக்கறது அந்தத் துகள். ஒரு துகளுக்கு ஒரு தலை. நீங்க கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கீங்களே, அது தலை எண்ணிக்கை இல்ல, முடியோட எடை. அதையும் யாரும் நிறுக்கல. கழிச்சுப் பார்த்துச் சொன்னது. நீங்க பன்னு தின்னதால கழிக்கிறது பெருசாச்சு, மிச்சம் சின்னதாச்சு. கெட்டது எங்கயும் போகல மாமா. உள்ளேயேதான் இருக்கு."

இவ்வளவு நீளமாகத் தான் பேசியதை அவளே அப்போதுதான் கவனித்தாள். மாமனார் கண்ணாடியைப் பார்த்தார். மூன்று சிறிய காகிதத் துண்டுகள். நெஞ்சின்மேல் கை தானாகப் போய் உட்கார்ந்தது.

"அப்ப நான் பாதி மாத்திரைக்குப் போயிருந்தா..."

"அதான் வந்தேன்."

"கேட்டப்ப நான் உங்கிட்டப் பொய் சொன்னேன். மூணு தடவை."

"மூணு தடவையும் நான்தான் மாமா டிக் போட்டேன். மத்தவங்களை ரெண்டு தரம் கேப்பேன், உங்களைக் கேக்கல." அவள் எழுந்தாள். "யார் கேப்டனா இருந்தா என்ன மாமா? எங்களுக்கு நீங்க வேணும்."

அவர் துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையை இன்னொரு தரம் பெருக்கினார். பெருக்கிக்கொண்டே கேட்டார்: "சரி, என் தலை எத்தனைன்னு எப்பத் தெரியும்?"

"காலையில வெறும் வயித்தோட வாங்க. நாளைக்கழிச்சுச் சொல்றேன்."

வியாழன் காலை அவர் வந்து கையை நீட்டியபோது, அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "ராத்திரி எட்டு மணிக்கு மேல தண்ணி. தண்ணி மட்டும்தான். பேக்கரி இருக்கற தெருப் பக்கமே வரல, சுத்திக்கிட்டு வந்தேன்" என்றார். குழாய் சுழன்று முடியும்வரை அங்கேயே நின்று, அதைத் தன் கண்ணால் பார்த்தார். மேலே தெளிந்த மஞ்சள்.

"அடடா! தேன் மாதிரி இருக்கே. இவ்வளவு அழகான ரத்தத்தையா நான் கலக்கி வச்சிருந்தேன்?"

அழகு வேறு, எண் வேறு. எல்.டி.எல். தொண்ணூற்று ஏழு என்று வந்தது. பெரிய லேபிலிருந்து வெள்ளிக்கிழமை காலை வந்த ஏபோ-பி, அதுதான் தலை எண்ணிக்கை, நூற்றுப் பதினான்கு. அவருக்கு இருக்க வேண்டியது அறுபத்தைந்துக்குக் கீழே.

மாமனார் அந்த முழுக் காகிதத்தையும், பழைய ரிப்போர்ட்டுகளின் முழுப் பிரதிகளையும் டாக்டர் முன்னால் வைத்தார். பன் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாராம். அப்புறம் நிமிர்ந்து, பாதியாகியிருக்க வேண்டிய மாத்திரையை இரட்டிப்பாக்கி, கூடவே இன்னொன்றும் எழுதினார். காலை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்த்தார். ரத்தத்திலும் ஒரு பரிசோதனை செய்தார். "இது மாத்திரை வலி இல்ல. பன்னெண்டு மணி நேரம் நிக்கிற வலி. ஒரு ஸ்டூல் வாங்குங்க."

சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று சலூனுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் நின்று முடி வெட்டுவதில்லை. வாடிக்கையாளரைச் சுற்றி வழுக்கிக்கொண்டே வெட்டினார். பேச்சு முன்னைவிட வேகம் பிடித்தது.

சங்கத்தாரிடம் சொல்வதுதான் பாக்கி. அதற்கு அவர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். நூற்றுப் பதினான்கு என்ற காகிதத்தைக் கண்ணாடி நடுவில் ஒட்டிவிட்டு இருவரையும் கூப்பிட்டார். மாத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த மருமகளையும், "நீயும் இரும்மா, எனக்குத் தைரியமா இருக்கும்" என்று நிறுத்திக்கொண்டார். கடிகாரக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை வரி வரியாகப் படித்தார். மாமனார் சொல்லி முடித்ததும் அதைக் கழற்றினார்.

"ரெண்டு பன்னா?"

"ரெண்டு."

"ஆறு மாசமா நான் உன் பின்னால நடந்தேன். நீ ஊதினா நின்னேன். எல்லாம் ரெண்டு பன்னுக்கா?"

"மன்னிச்சுக்கடா."

தபால்காரர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "எந்த பேக்கரி?" என்றார்.

கடிகாரக்காரர்தான் முதலில் வெடித்தார். பிறகு மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கியதில், தெருவில் போன இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மற்ற இருவரும் தங்களுக்கும் தலையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நின்றார்கள். எண்ணிப் பார்த்ததில், ஆறு மாதமாகத் தோற்றுக்கொண்டிருந்த கடிகாரக்காரருக்குத்தான் ஆகக் குறைவு. விசில் அவர் கழுத்துக்குப் போனது. அவர் பெஞ்சு கண்ட இடத்திலெல்லாம் ஊதி நிறுத்தினார். "இந்த வேகத்துல நான் தபால் கொடுத்திருந்தா, இந்த வருஷப் பிறந்தநாள் வாழ்த்து அடுத்த வருஷம்தான் போய்ச் சேர்ந்திருக்கும்" என்று தபால்காரர் புலம்பினார். மாமனார் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கடைசி ஆளாக நடந்தார். வீட்டில் மாமியாருக்கும் விஷயத்தை அவரே சொன்னார். மாமியார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, மூன்றாம் நாள், "பன்னுக்கு உள்ள க்ரீம் நிறைய வைப்பானா?" என்று கேட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. ரத்தம் கொடுத்த நாளிலிருந்து மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடிவு வரும் நாளன்று, சலூனைத் திறக்காமல் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டார். முன்னறையில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர் எட்டுப் பேரிடமும் பேசினார். ஒருவரின் கிருதாவைப் பார்த்து, "இதை யாரு வெட்டினா? கண்ணை மூடிக்கிட்டு வெட்டினானா?" என்று விசாரித்தார். ஒரு குழந்தைக்கு ஊசி வலிக்காது என்று சத்தியம் செய்தார். கூடிப்போயிருந்தால் என்ன சொல்வது, குறைந்திருந்தால் என்ன சொல்வது என்று இரண்டு பேச்சைத் தயாராக வைத்திருப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அவள் உள்ளேயிருந்து உறையோடு வந்தாள். கொடுப்பதற்கு முன் அவளே பார்த்திருந்தாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழ்வரை, ஒரு வரி விடாமல். ஏபோ-பி எழுபத்து மூன்று. நூற்றுப் பதினான்கிலிருந்து எழுபத்து மூன்று.

"இன்னும் எட்டு, ஒன்பது குறையணும் மாமா" என்றாள் மெதுவாக. "ஆனா பாதித் தூரத்துக்கு மேல வந்துட்டீங்க."

அவர் வாயைத் திறந்தார். தயாரித்து வைத்திருந்த இரண்டு பேச்சில் ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். உதடுதான் துடித்தது. காத்திருந்த எட்டுப் பேரும், இவ்வளவு நேரம் ஓயாமல் பேசிய மனிதர் இப்போது என்ன சொல்லப் போகிறார் என்று அவரையே பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, எல்லார் எதிரிலும், அவள் தலைமேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தார். பிறகு ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளித் திறந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் வெயிலில் இறங்கி நடந்தார்.